வில்லியம் ஹார்வியார்
(இரத்தவோட்டத்தின் திசை கண்டவர்)

மருத்துவ நூல்களைப் பயில்வோர் ஒரு சொற்கூட்டத்தை அடிக்கடி எதிர்ப்படுவர். ரிகர்ஜிடேஷன், ரிப்ளக்ஸ், ரெட்ரோகிரேட் என்பன அவற்றுள் முதன்மையானவை. மூன்றும் இலத்தீன் வேர்களினின்று கிளைத்தவை. மீண்டும் பொங்கி வருதல் முதற் சொல்லின் பொருள். திரும்பி ஒழுகுதல் இரண்டாவதன் பொருள். பின்னடி வைத்தல் மூன்றாவதன் பொருள். நம் தமிழிலும் உண்ட உணவு இரைப்பையினின்று மேலெழுந்து தொண்டைக்கு வருவதை எதிர்க்களித்தல் என்று வழங்குகிறோம். உடம்பினுள் யாதேனும் ஒன்று தான் செல்லவேண்டிய திசையை விட்டுப் பின்னோக்கிச் செல்லுமாயின் அது நோய்க்கு அறிகுறி என்பதே இச்சொற்களின் உட்கிடை.

இங்குச் சற்றே சிந்திப்போமாக. ஒன்றைப் பின்னோட்டம் என்று கூறவேண்டுமாயின், அதற்கு முன்னோட்டம் எது என்பதை முதலில் துணிந்திருத்தல் வேண்டும். உணவு வாயினின்று வயிற்றுக்குச் செல்லுகிறது என்பதைச் சிறு குழவியும் அறியும். ஆனால் இரத்தம் எங்கிருந்து புறப்படுகிறது, எவ்வழிச் செல்லுகிறது, எங்குச் சென்று சேருகிறது? இவ்வினாவுக்கு மேனாட்டு மருத்துவ உலகம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிழைபட்ட விடையொன்றையே போற்றி வந்தது. அவ்விடையை மாற்றி, இரத்தத்துக்கு ஒரே திசைதான் உண்டு என்று கண்ணெதிரே காட்டியவர் வில்லியம் ஹார்வியார் ஆவார். அப்பெரியாருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கோடியில் கெண்ட் என்னும் பகுதியில், கடலோரத்தே அமைந்த ஊர் ஃபோக்ஸ்டன். அவ்வூரில் 1578 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1 ஆம் நாள் ஹார்வியார் பிறந்தார். தந்தையார் பெயர் தாமஸ் ஹார்வி. தாயார் பெயர் ஜோன். தந்தையார் செல்வ நிலை உடையவர். அவ்வூரின் நகரத் தலைவர் பதவியையும் வகித்தவர். இவர்களுக்குப் பிறந்த மக்கள் ஒன்பதின்மருள் நம் ஹார்வியாரே மூத்தவர். தம்பியரிற் பலர் இலண்டன் மாநகரில் வணிகராகிப் பெரும்பொருள் ஈட்டினர். தமையனாரோ பொருளை நாடாது புலமையை நாடினார். பிற்காலத்தில் அவருடைய பொருளைக் காத்துப் பெருக்கியவர் தம்பி எலியாப் என்பது குறிப்பிடத் தக்கது.

பத்தாம் வயதிற் கான்டர்பரியிலுள்ள கிங்ஸ் பள்ளியிற் சேர்ந்து இலத்தீன் மொழியில் தேர்ச்சி பெற்ற பின்னர், 1593 ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கீஸ் கல்லூரியில் மாணவராயினார். அக்கல்லூரிக்குத் தன் பெயரை வழங்கிய ஜான் கீஸ் என்பார் ஒரு மருத்துவர். தூக்கிலிடப்பட்ட குற்றவாளிகளின் உடல்கள் இரண்டினை ஆண்டுதோறும் பெற்று அறுத்து ஆராயும் உரிமையை எலிசபெத் அரசியார் அக்கல்லூரிக்கு அளித்திருந்தார். மனித உடலின் அமைப்பைக் கண்ணாற் கண்டறியும் வேட்கை ஹார்வியாருக்கு அங்கேயே முளைத்திருத்தல் கூடும். 1597 ஆம் ஆண்டு அவர் பி.ஏ. பட்டம் பெற்றார்.

பதுவா நகரமும் சிறு கதவுகளும்

அக்காலத்தில் மருத்துவம் கற்க விழைந்த ஐரோப்பிய இளைஞர் பலரும் இத்தாலியிலுள்ள பதுவா நகரை நோக்கிச் சென்றனர். மனித உடலை அறுத்து ஆராய்ந்து 1543 ஆம் ஆண்டு பெருநூல் வெளியிட்ட வெசேலியஸ் என்பார் பேராசிரியராய் விளங்கியது அந்நகரிலேயாம். ஹார்வியார் அங்குப் பயின்ற நாளில் கலீலியோ அப்பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்பித்துக் கொண்டிருந்தார்.

உடற்கூறு கற்பிப்பதற்கென்று 1595 ஆம் ஆண்டளவில் அங்கு ஓர் அரங்கு கட்டப்பட்டது. நீள்வட்ட வடிவில் ஆறு அடுக்குகளாக அமைந்த அவ்வரங்கில் மாணவர் அமர்வதற்கு இடமில்லை. அடுக்குகளில் நெருங்கி நின்று, மர அழிகளின் மேற் சாய்ந்து, கீழே மேசையின் மீது நடைபெறும் அறுவையை விளக்கொளியிற் காணவேண்டும். அம்மேசையருகே நின்று கற்பித்தவர் ஃபப்ரீசியஸ் என்னும் முதுபெரும் ஆசிரியர். அவர் தம் மாணவர்களுக்குக் காட்டிய புதுமைகளுள் ஒன்று, சிரைகளின் உட்புறத்தே காணப்படும் மெல்லிய தோலிதழ்கள். சிரையை நீளவாட்டிற் பிளந்தால், இடையிடையே சிறு பைகள் போன்று அவை தொங்குவதைக் காணலாம். இவற்றை இக்காலத்தில் வால்வு என்கிறோம். கபாடம் என்றும் கூறுவர். ஃபப்ரீசியஸ் 1603 ஆம் ஆண்டு இவற்றைப் பற்றி வெளியிட்ட நூலுக்குச் சிரைகளின் சிறு கதவுகள் என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

கதவு என்று பெயரிட்டும், அக்கதவு எதைத் தடுக்கிறது என்பதை அவ்வாசிரியர் உணர்ந்தாரில்லை. இரத்தம் தன் பளுவினாற் கைகால்களின் நுனிக்கு விரைந்து பாய்ந்து அங்கேயே தேங்கிவிடாதபடி, அதன் வேகத்தைச் சிறிது தணிப்பனவே இவ்விதழ்கள் என்று அவர் கருதினார். மதகு போல் ஓட்டத்தை மட்டுப்படுத்துவன என்பது அவர் கொள்கை. அவரும் கேலன் வகுத்த பழைய நெறியினின்று சிறிதும் விலகாதவர்.

1602 ஆம் ஆண்டு ஏப்ரல் 25 ஆம் நாள் ஹார்வியார் பதுவாவில் டாக்டர் பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பினார். ஆசிரியர் காட்டிய அச்சிறு கதவுகளின் நினைவும் அவருடன் வந்தது.

பழைய கொள்கை

கேலன் என்பார் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியிற் புகழ் பெற்று விளங்கிய கிரேக்க மருத்துவர். அவர் கொள்கைப்படி, உண்ட உணவு ஈரலிற் சென்று இரத்தமாகின்றது. அவ்விரத்தம் சிரைகளின் வழியே உடலெங்கும் பரவி, உறுப்புகளால் உண்ணப்பட்டுத் தீர்ந்துபோகின்றது. வாய்க்கால் நீர் வயலிற் பாய்ந்து சுவறி மறைவதைப் போன்றது இது. பாய்ந்த நீர் ஏரிக்குத் திரும்புவதில்லை. நாள்தோறும் புதிய இரத்தம் உண்டாகிக் கொண்டேயிருக்கும். சிரைகளினுள் அது முன்னும் பின்னுமாக அசைந்து நிற்கும். ஒரு சிறு பகுதி மட்டும் இருதயத்தின் நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளின் வழியே வலப்பக்கத்தினின்று இடப்பக்கத்துக்குக் கசிந்து, உயிர்ப்புக் காற்றோடு கலந்து, தமனிகளிற் செல்லும்.

இக்கொள்கையில் ஐயம் கொண்டோர் ஹார்வியாருக்கு முன்னரும் இருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இபின் அல் நபீஸ் என்னும் அரபு மருத்துவர், நடுச்சுவரில் துளையில்லை என்றும், இரத்தம் நுரையீரலின் வழியாகவே இடப்பக்கம் அடைகின்றது என்றும் எழுதினார். ஐரோப்பாவில் செர்வீட்டஸ், கொலம்போ என்போர் பதினாறாம் நூற்றாண்டில் இவ்வுண்மையைத் தெரிவித்தனர். எனினும் உடல் முழுவதற்கும் பொருந்தும் ஓட்டத்தின் நெறியை எவரும் நிலைநாட்டினாரல்லர். முன்னும் பின்னும் அசைதலே இரத்தத்தின் இயல்பு என்று நம்பப்பட்ட வரையில், பின்னோக்கிப் பாய்தல் ஒரு நோய் என்னும் எண்ணத்துக்கே இடமில்லை அன்றோ?

இலண்டன் வாழ்க்கை

1604 ஆம் ஆண்டு ஹார்வியார், அரச மருத்துவருள் ஒருவரான லான்சிலட் பிரவுன் என்பாரின் மகளார் எலிசபெத் அம்மையாரை மணந்தார். இவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. அம்மையார் ஒரு கிளியை அன்புடன் வளர்த்து வந்தார். அஃது இனிமையாகப் பாடியமையால் ஆண் கிளியென்றே யாவரும் எண்ணியிருந்தனர். அஃது இறந்தபின் ஹார்வியார் அறுத்துப் பார்க்க, உள்ளே முட்டையொன்று இருந்ததாம்! வீட்டுக் கிளியாயினும் உண்மையைக் கண்ணாற் கண்டே துணிவது அவர் இயல்பு.

1607 ஆம் ஆண்டு மருத்துவர் கல்லூரியின் உறுப்பினரானார். 1609 ஆம் ஆண்டு முதல் இலண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையின் மருத்துவராயிருந்து, வாரத்துக்கு ஒரு நாளேனும் அங்கு அமர்ந்து ஏழை நோயாளிகளுக்கு மருந்து குறித்து வந்தார். 1615 ஆம் ஆண்டு மருத்துவர் கல்லூரியின் லம்லி விரிவுரையாளராக அமர்த்தப்பெற்று, 1616 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முதல் விரிவுரைகளை நிகழ்த்தினார். ஷேக்ஸ்பியர் மறைந்ததும் அந்த ஏப்ரலிலேயே. 1618 ஆம் ஆண்டு முதல் மன்னர் முதலாம் ஜேம்ஸுக்கும், அவருக்குப் பின் அவர் மகனார் முதலாம் சார்லஸுக்கும் மருத்துவராக விளங்கினார்.

இவ்வளவு அலுவல்களுக்கிடையிலும் அவர் ஆராய்ச்சி ஓய்ந்ததில்லை. நாய், பன்றி, தவளை, பாம்பு, மீன், நத்தை எனப் பலவகை உயிர்களின் இருதயத்தை அவர் உயிரோடு திறந்து நோக்கினார். இக்காலத்து நம் மனம் இதற்குக் கூசும். ஆயினும் வேறு வழி அக்காலத்தில் இருந்ததில்லை. சூடான இரத்தமுள்ள விலங்குகளின் இருதயம் மின்னல் போல் துடிப்பதால் எது முன், எது பின் என்று காண இயலவில்லை. இருதயத்தின் இயக்கம் இறைவன் ஒருவனுக்கே தெரியும் போலும் என்று தாம் மனந்தளர்ந்ததையும், கிரேக்க நாட்டில் நாளொன்றுக்குப் பலமுறை திசைமாறி ஓடும் யூரிப்பஸ் என்னும் கடற்காலைப் போலத் தம் உள்ளம் அலைந்ததையும் அவரே தம் நூலிற் பதிந்து வைத்துள்ளார். குளிர்ந்த இரத்தமுள்ள உயிர்களின் இருதயமும், இறக்குந் தறுவாயிலுள்ள விலங்குகளின் இருதயமும் மெல்லத் துடித்தலைக் கண்டபோது அவருக்கு வழி புலப்பட்டது. இருதயம் சுருங்கும்போதே இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. விரிவது அதன் ஓய்வு நிலை என்று அவர் துணிந்தார்.

கயிறும் விரலும்

அவர் செய்த சோதனைகளுள் மிக எளியதும் மிக வலியதும் ஒன்றுண்டு. அதற்கு வேண்டிய கருவிகள் ஒரு கட்டுக்கயிறும் ஒரு விரலுமே.

ஒருவருடைய மேற்கையில் கயிற்றை மிக இறுக்கிக் கட்டினால், மணிக்கட்டில் நாடி நின்றுவிடுகிறது. கை குளிர்ந்து வெளுக்கிறது. கட்டுக்கு மேற்புறத்தே தமனி புடைத்துத் துடிக்கிறது. கட்டைச் சிறிது தளர்த்தினால், ஆழத்திலுள்ள தமனியின் வழி திறக்கிறது. தோலுக்கு அண்மையிலுள்ள சிரையின் வழி மூடியேயிருக்கிறது. உடனே கை சிவந்து வீங்கிச் சிரைகள் பருத்தெழுகின்றன. ஆகவே இரத்தம் தமனியின் வழியே கைக்குட் சென்று, சிரையின் வழியே மீள முயல்கிறது என்பது தெளிவாயிற்று.

அங்ஙனம் புடைத்த சிரையில் இடையிடையே சிறு முடிச்சுகள் தோன்றும். அவையே கபாடங்கள் உள்ள இடங்கள். ஒரு முடிச்சுக்குக் கீழே விரலை ஊன்றி, மற்றொரு விரலால் இரத்தத்தை மேனோக்கி அடுத்த முடிச்சுக்கு அப்பால் தள்ளிவிட்டால், இடைப்பட்ட சிரை வெறுமையாகி மறைகிறது. மேலேயுள்ள இரத்தம் அவ்வெற்றிடத்துக்கு இறங்கி வருவதில்லை. வலிந்து கீழ்நோக்கித் தள்ளினும் கபாடம் இடங்கொடுப்பதில்லை. கீழே ஊன்றிய விரலை எடுத்தவுடன் சிரை கீழிருந்தே நிரம்புகிறது. கொல்லன் துருத்தியின் உட்புறத்தே ஒரு தோல்மூடி உண்டு. அது காற்றை உள்ளே வரவிடும், வந்த வழியே திரும்பவிடாது. சிரைகளின் சிறு கதவுகள் செய்யும் தொழிலும் அதுவே.

ஆசிரியர் ஃபப்ரீசியஸ் கூறியவாறு பளுவினால் இறங்கும் இரத்தத்தைத் தடுப்பதுதான் அவற்றின் வேலையாயின், கழுத்துச் சிரையில் அவை மேனோக்கியன்றோ திறத்தல் வேண்டும்? அங்கோ அவை கீழ்நோக்கி, இருதயத்தின் பக்கமாகத் திறக்கின்றன. கைகால்களில் மேனோக்கியும், கழுத்திற் கீழ்நோக்கியும் திறப்பவற்றுக்குப் பொதுவான திசை ஒன்றே: இருதயம். ஆசிரியர் கையாற் பெற்ற உண்மையைக் கொண்டே ஆசிரியர் கொள்கையை மாணவர் திருத்தினார். ஆயினும் அவர் எழுத்தில் ஃபப்ரீசியஸைப் பற்றி மதிப்புக் குறைந்த சொல்லொன்றும் இல்லை.

முதுமையில் ஹார்வியாரைக் கண்டு உரையாடிய ராபர்ட் பாயில் என்னும் விஞ்ஞானி, இரத்தம் சுழன்று வருகிறது என்னும் எண்ணம் தங்களுக்கு எங்ஙனம் தோன்றிற்று என்று வினவினாராம். சிரைகளின் கபாடங்கள் இருதயத்தை நோக்கி வழிவிட்டு, எதிர்த்திசையில் வழியடைத்து நிற்றலைக் கண்டதே காரணம் என்று பெரியார் விடையளித்ததாக, பாயில் 1688 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிற் குறித்துள்ளார்.

கணக்கு

கண்ணாற் கண்டதை எண்ணாலும் உறுதி செய்தார் ஹார்வியார். மருத்துவ ஆராய்ச்சியில் அளவையும் கணக்கையும் இவ்வளவு வலிமையுடன் ஆண்டவர் அவருக்கு முன் அரியர். இருதயம் ஒரு துடிப்பில் அரை அவுன்ஸ் இரத்தத்தை வெளியேற்றுகிறது எனக் கொள்வோம். அரை மணி நேரத்தில் ஆயிரம் முறை துடிக்கிறது எனக் கொள்வோம். அங்ஙனமாயின் அரை மணியில் 500 அவுன்ஸ் இரத்தம் வெளிவருகிறது. உண்மையில் இருதயம் இதனினும் மிகுதியாகத் துடிக்கும். எதிர்வாதம் செய்வோர் குறைகூறாதபடி அவர் வேண்டுமென்றே குறைந்த எண்களை எடுத்துக் கொண்டார். அவ்வளவையும் எட்டில் ஒரு பங்கு அவுன்ஸாகக் குறைத்துக் கணக்கிட்டும் காட்டினார். ஓர் ஆட்டின் உடலில் நான்கு பவுண்டுக்கு மேல் இரத்தமில்லை என்பதையும் தாமே கண்டறிந்தார்.

இவ்வளவு இரத்தம் நாள்தோறும் புதிதாக உண்டாவதெனின், அதற்கேற்ற உணவை எவன் உண்ண வல்லான்? உண்டாகும் இரத்தம் முழுவதையும் உறுப்புகள் எங்ஙனம் விழுங்கும்? ஆகவே சென்ற இரத்தமே திரும்பி வருகிறது. வட்டமாகச் சுழல்கிறது என்பதன்றி வேறு முடிபில்லை. இன்றைய அளவைகளின்படி வளர்ந்த மனிதனின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் உண்டு. ஓய்ந்திருக்கும்போது இருதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றுவதும் ஏறத்தாழ ஐந்து லிட்டரே. ஹார்வியாரின் எண்கள் சிறியனவாயினும் அவர் முடிபு பழுதற்றது.

நூலும் எதிர்ப்பும்

தாம் கண்டதை உடனே அச்சேற்ற ஹார்வியார் விரையவில்லை. பன்னீராண்டுகள் விரிவுரை நிகழ்த்தியும், நண்பர்முன் சோதித்துக் காட்டியும், ஐயங்களுக்கு விடையளித்தும் வந்த பின்னரே, 1628 ஆம் ஆண்டு தம் நூலை இலத்தீன் மொழியில் ஜெர்மனியிலுள்ள பிராங்க்பர்ட் நகரில் வெளியிட்டார். விலங்குகளின் இருதயத்தின் இயக்கத்தையும் இரத்தத்தின் இயக்கத்தையும் பற்றிய அந்நூல் எழுபத்திரண்டு பக்கங்களே கொண்ட சிறு நூல். அச்சுப் பிழைகள் மலிந்தது. கட்டுக்கயிறு கட்டிய கையின் படங்களே அதிலுள்ள விளக்கப் படங்கள். ஆயினும் மருத்துவ வரலாற்றை இரண்டாகப் பிரிக்கும் நூல் அதுவே.

அவர் அஞ்சியது வீண்போகவில்லை. நூல் வெளிவந்ததும் அவர் மதி திரிந்தவர் என்று பொதுமக்கள் எண்ணினர் என்றும், நோயாளிகளின் வருகை மிகக் குறைந்தது என்றும், அவரை நேரில் அறிந்த ஜான் ஆப்ரி எழுதி வைத்துள்ளார். 1630 ஆம் ஆண்டு பிரிம்ரோஸ் என்பார் மறுப்பு நூல் வெளியிட்டார். பாரிஸ் நகரப் பேராசிரியர் ரியோலான் கேலனின் கொள்கையை விடாப்பிடியாகப் பற்றி நின்றார். ஹார்வியார் வசைக்கு வசை கூறினாரல்லர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாளாவிருந்து, 1649 ஆம் ஆண்டிலேயே ரியோலானுக்குப் பணிவும் உறுதியும் கலந்த இரு மறுமொழிக் கட்டுரைகளை வெளியிட்டார்.

ஆதரவும் இல்லாமற் போகவில்லை. பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் 1637 ஆம் ஆண்டிலேயே இரத்தச் சுழற்சியை ஏற்றுக்கொண்டார். இருதயத்தின் இயக்கத்தைப் பற்றி மட்டும் மாறுபட்டார். தம் புதிய கொள்கை தம் வாழ்நாளிலேயே நிலைபெறக் கண்டவர் ஹார்வியார் ஒருவரே என்று தாமஸ் ஹாப்ஸ் வியந்தார். பாரிஸ் மருத்துவக் கழகம் பின்னும் பிணங்கி நிற்க, பதினான்காம் லூயி மன்னர் 1670 ஆம் ஆண்டுகளில் அரசர் தோட்டத்தில் இரத்தச் சுழற்சியைக் கற்பிக்கத் தனியே ஏற்பாடு செய்யவேண்டியதாயிற்று.

போரும் இழப்பும்

மன்னர் சார்லஸ் ஹார்வியாரின் ஆராய்ச்சியில் மிக்க ஆர்வம் கொண்டவர். தம் வேட்டைக்காட்டு மான்களை ஆராய்ச்சிக்கு உதவியவர். அயர்லாந்தின் மாண்ட்கோமரி பிரபுவின் மகனுக்குச் சிறு வயதில் நேர்ந்த காயத்தால் இடமார்பிற் பெருந்துளையொன்று ஆறாது நின்றது. அத்துளையின் வழியே துடிக்கும் இருதயத்தை ஹார்வியார் கண்டார், கையாலும் தொட்டார். மன்னரையும் அழைத்துச் சென்று தொடச் செய்தார். தொட்டதை அவ்விளைஞர் உணரவில்லை. விலங்குகளிற் கண்டதை மனிதரிலும் காணும் பேறு ஹார்வியாருக்குக் கிடைத்தது.

1642 ஆம் ஆண்டு மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. அக்டோபர் 23 ஆம் நாள் எட்ஜ்ஹில் போர்க்களத்தில் பன்னிரண்டும் ஒன்பதும் வயதான இளவரசர் இருவரும் ஹார்வியாரின் காவலில் விடப்பட்டனர். அறுபத்து நான்கு வயதான அம்முதியவர் ஒரு வேலிப்புதரின் அடியில் அமர்ந்து புத்தகம் படிக்கத் தொடங்கினார் என்றும், பீரங்கிக் குண்டொன்று அருகே நிலத்தைத் தாக்கவே இடம் மாறி அமர்ந்தார் என்றும் ஆப்ரி கூறுகின்றார்.

அவ்வாண்டிலேயே பாராளுமன்றப் படைஞர், வைட்ஹால் அரண்மனையில் அவர் தங்கியிருந்த அறைகளிற் புகுந்து சூறையாடினர். பல்லாண்டுகளாக எழுதித் தொகுத்த ஆராய்ச்சிக் குறிப்புகள், சிறப்பாகப் பூச்சியினங்களின் பிறப்பைப் பற்றியவை, அழிந்தன. தமக்கு நேர்ந்த இழப்புகள் எல்லாவற்றினும் இதுவே பெருந்துயர் தந்தது என்று அவர் வருந்துவாராம். 1643 ஆம் ஆண்டு மருத்துவமனைப் பதவியும் போயிற்று. ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன் கல்லூரித் தலைவராய் ஓராண்டளவே இருந்தார். 1649 ஆம் ஆண்டு சனவரி 30 ஆம் நாள் மன்னர் கொலைத் தண்டனைக்கு உள்ளானார். மனைவியாரும் காலமாயினார்.

முதுமையும் மறைவும்

இறுதிக் காலத்தை அவர் தம்பியரின் இல்லங்களிற் கழித்தார். குள்ளமான உருவமும், உருண்டை முகமும், ஒளிமிக்க சிறிய கரிய கண்களும் உடையவர் எனவும், கருமுடி வெண்முடியாய் நெடுநாளாயிற்று எனவும் ஆப்ரி வருணிக்கின்றார். காப்பிக் கடைகள் இலண்டனிற் பரவுமுன்னரே காப்பி பருகும் வழக்கமுடையவர். வாதநோய் மூட்டுகளை வருத்தும்போது, கடுங்குளிரிலும் கால்களைத் தண்ணீர்த் தொட்டியிற் குளிர வைத்துப் பின் அடுப்பருகே செல்வாராம்.

1651 ஆம் ஆண்டு, நண்பர் ஜார்ஜ் என்ட் வற்புறுத்தியதன் பேரில், உயிர்களின் பிறப்பைப் பற்றிய பெருநூல் வெளிவந்தது. 1654 ஆம் ஆண்டு மருத்துவர் கல்லூரி அவரைத் தலைவராகத் தேர்ந்தது. முதுமை காரணமாக அவர் அப்பதவியை ஏற்கவில்லை. தம் நூல்களை அக்கல்லூரிக்கே வழங்கினார். அந்நூலகம் 1666 ஆம் ஆண்டின் பெருந்தீயில் எரிந்தழிந்தது.

1657 ஆம் ஆண்டு சூன் 3 ஆம் நாள் அவர் பக்கவாதத்தால் தாக்குண்டு பேச்சிழந்தார். தம் கடிகாரத்தைத் தம்பி மகனுக்குச் சைகையால் அளித்தார். தம் நாக்கினின்று குருதி எடுக்குமாறும் சைகை காட்டினாராம். இரத்தத்தின் வழியைக் கண்டவரும் குருதி எடுத்தலாகிய பழைய மருத்துவத்தைக் கைவிட்டாரல்லர் என்பதை இங்கு மறைத்தல் தகாது. அன்றே அவர் உயிர் பிரிந்தது; வயது எழுபத்தொன்பது. எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள ஹெம்ஸ்டெட் ஊர்க் கோயிலில் ஈயத்தகட்டாற் பொதியப்பட்டு அவருடல் அடக்கம் செய்யப்பெற்றது. 1883 ஆம் ஆண்டு மருத்துவர் கல்லூரியார் அதனைச் சலவைக்கற் பேழைக்கு மாற்றினர்.

தமனியினின்று சிரைக்கு இரத்தம் செல்லும் நுண்வழியை மட்டும் அவர் கண்டாரில்லை. அவர் மறைந்து நான்காண்டுகள் கழித்து, 1661 ஆம் ஆண்டு மால்பீகி என்னும் இத்தாலியர் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, மயிரினும் மெல்லிய தந்துகிகளைக் கண்டு அவ்விடைவெளியை நிரப்பினார்.

பின்னோட்டம் நோயான வரலாறு

ஹார்வியார் வகுத்த திசையே பிற்கால மருத்துவர்களுக்கு அளவுகோலாயிற்று. இருதயத்தில் நான்கு கபாடங்கள் உள. அவற்றுள் ஒன்று பழுதுற்று முற்றும் மூடாதாயின், வெளியே தள்ளப்பட்ட இரத்தத்தில் ஒரு பகுதி மீண்டும் வந்த அறைக்கே பாய்கிறது. இதுவே ரிகர்ஜிடேஷன். 1832 ஆம் ஆண்டு டப்ளின் நகர மருத்துவர் டொமினிக் காரிகன், பெருந்தமனியின் வாயிலிலுள்ள கபாடம் இங்ஙனம் பழுதுறும் நோயைத் தெளிவாக விளக்கினார். அந்நோயாளியின் நாடி விரலைத் துள்ளி அடித்து உடனே சரிந்து விழும். கழுத்துத் தமனிகள் பிறர் கண்ணுக்குத் தெரியுமாறு துடிக்கும். அந்நாடிக்கு இன்றும் காரிகன் பெயர் வழங்குகிறது. திரும்பி வரும் இரத்தத்தையும் சேர்த்துச் சுமக்கும் இருதயம் முதலிற் பருத்து, பின்னர்த் தளர்கிறது.

கால்களின் சிரையிலுள்ள சிறு கதவுகள் தளர்ந்தால் இரத்தம் கீழிறங்கித் தேங்கிச் சிரைகள் முறுக்கிப் புடைக்கின்றன. நெடுநேரம் நின்று உழைப்போரிடம் இதனைப் பலரும் கண்டிருப்பர். இரைப்பையின் மேல்வாய் நெகிழ்ந்தால் புளிப்புநீர் மேலேறி நெஞ்சை எரிக்கிறது. மூத்திரப்பையினின்று நீர் சிறுநீரகத்தை நோக்கித் திரும்பினால் குழந்தைகளின் சிறுநீரகம் வடுப்படுதலும் உண்டு. இவை ரிப்ளக்ஸ் எனப்படும். இக்காலத்தில் ஒலியலைக் கருவி, இருதயத்தினுள் முன்னோடும் இரத்தத்தையும் பின்னோடும் இரத்தத்தையும் வெவ்வேறு நிறங்களாகத் திரையிற் காட்டுகிறது. அத்திரையை நோக்கும் மருத்துவர், நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கயிற்றாலும் விரலாலும் கேட்ட வினாவையே மீண்டும் கேட்கின்றார்.

மாணவ நண்பர்காள்! பதுவா அரங்கின் ஆறடுக்குகளிலும் நின்று அச்சிறு கதவுகளைக் கண்டவர் பலர். கண்டதைக் குறித்துக்கொண்டு தேர்வில் வெற்றி பெற்றவரும் பலராயிருப்பர். கதவொன்று இருக்குமாயின் அஃது எதற்கு வழிவிடுகிறது, எதற்கு வழியடைக்கிறது என்று கேட்டு, விடை கிடைக்குமளவும் ஓயாதிருந்தவர் ஹார்வியார் ஒருவரே. அவ்விடையைச் சொன்னதால் வருவாயும் நற்பெயரும் குறையும் என்று அறிந்தும், சொன்ன சொல்லினின்று அவர் பின்வாங்கவில்லை. நம் வகுப்பறைகளிலும் ஆய்வுச்சாலைகளிலும் ஆசிரியர் காட்டுவனவற்றை இவ்வாறு வினவிக் கற்போமாக.